பாதயாத்திரைக்கு எந்தச் செருப்பு, வேண்டாத சப்பாத்து யாருக்கு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காண்டாவன வெய்யில் ஏறும்போது வன்னியில் நடைக்காலமும் தொடங்கிவிடும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு கதிர்காமத்துக்குப் புறப்படும் சாமிமார் முல்லைத்தீவுப் பக்கம் வந்து, வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தெற்கே இறங்குவார்கள். வைகாசிப் பொங்கலுக்கு அம்மனிடம் நடந்து வருகிறவர்கள் வேறு. ஆடியிலும் ஆவணியிலும் மடுமாதாவிடம் நடப்பவர்கள் வேறு. தண்ணீர்ப்பந்தலில் நிற்கும் எங்களிடம் வருகிற கேள்விகளில் பெரும்பகுதி காலைப் பற்றியது. நடை முடிந்ததும் வருகிற கேள்விகள், மிஞ்சிய செருப்பையும் சப்பாத்தையும் என்ன செய்வது என்பதைப் பற்றியவை. இரண்டுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

பாதயாத்திரை என்றால் வெறுங்காலோடுதானே போக வேண்டும்? செருப்புப் போட்டால் நேர்த்தி முறியுமா?

நீங்கள் என்ன சொல்லி நேர்ந்தீர்கள் என்று முதலில் நினைத்துப் பாருங்கள். "நடந்து வருகிறேன்" என்று நேர்ந்திருந்தால் செருப்பு அதற்குத் தடையில்லை. "வெறுங்காலோடு வருகிறேன்" என்று நேர்ந்திருந்தால் அதைக் காப்பாற்றத்தான் மனம் சொல்லும். அதற்கும் வழி இருக்கிறது, அடுத்த பதிலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கோயில் ஐயரிடமோ, குழுவுக்கு முன்னால் வேல் தாங்கிப் போகும் சாமியிடமோ கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். யாத்திரைக் கூட்டத்தைப் பார்த்தால் வெறுங்காலோடு வருகிறவரும் செருப்போடு வருகிறவரும் கலந்துதான் வருவார்கள். ஒருவரை ஒருவர் குறை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. சந்நிதியிலிருந்து கதிர்காமம் ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட நடை. கால் போய்விட்டால் யாத்திரையும் அங்கேயே நின்றுவிடும்.

வெறுங்காலோடு போவதாக நேர்ந்துவிட்டேன். எப்படித் தயாராவது?

குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். முதலில் வளவுக்குள், பிறகு ஒழுங்கையில், பிறகு கிரவல் றோட்டில், கடைசியாகத் தார் றோட்டில் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். தோல் தடிக்க நாள் எடுக்கும். ஒரு கிழமையில் அவசரப்பட்டு நடந்தால் தடிப்புக்குப் பதிலாகக் கொப்புளம்தான் வரும். குதிக்கால் வெடிப்பு இருந்தால் இப்போதே கவனியுங்கள். இரவில் கழுவித் துடைத்து வசலினோ தேங்காயெண்ணெயோ பூசிப் படுத்தால் ஓரளவு மூடும். வெடிப்போடு போனால் புழுதியும் சேறும் அதற்குள் இறங்கும்.

நடக்கும்போது நேரம்தான் உங்கள் செருப்பு. விடிய நாலு மணிக்குப் புறப்பட்டு, தார் சூடேறுவதற்குள் ஒரு மரநிழலில் இருந்துவிட வேண்டும். மறுபடி பின்னேரம் வெய்யில் தாழ்ந்த பிறகு. பகலில் நடந்தே ஆக வேண்டும் என்றால் றோட்டோர வெள்ளைக் கோட்டில் கால் வைத்துப் போங்கள். கறுப்புத் தார் வெய்யிலை உறிஞ்சும், வெள்ளைப் பெயின்ற் அவ்வளவு உறிஞ்சாது. பழகிய சாமிமார் அந்தக் கோட்டைப் பிடித்து வரிசையாக வருவதைப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் காணலாம். வாகனம் வரும்போது மட்டும் கோட்டை விட்டு ஓரத்தில் இறங்கி நின்றுவிடுங்கள்.

ஒரு சோடி செருப்பைப் பையில் வைத்திருங்கள். கால் வெட்டுப்பட்டால், காய்ச்சல் வந்தால், மலசலகூடத்துக்குப் போனால் போட வேண்டி வரும். இப்படிப் போடுவதை எந்தத் தெய்வமும் குற்றமாக எடுக்காது என்பது எங்கள் திடமான நம்பிக்கை.

செருப்பா, சப்பாத்தா?

வன்னி வழிக்கு எங்கள் முதல் தெரிவு, பின்வார் உள்ள சாண்டல்ஸ். குதிக்காலைப் பிடிக்கும் வார், விரல்களுக்கு மேலே ஒரு வார், கணுக்காலுக்கு முன்னால் இன்னொரு வார் என்று மூன்று இடத்தில் இறுக்கி விடக்கூடியது. காரணம் இந்த நிலம். தார் றோட்டு, கிரவல், கரையோர மணல், வாய்க்கால் தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் வரும். சாண்டல்ஸுக்குள் மணல் போனால் காலை உதறினால் போதும், நனைந்தாலும் கெதியாகக் காயும். சப்பாத்துக்குள் மணல் போனால் சொக்ஸுக்கும் தோலுக்கும் நடுவே நின்று அராவிக்கொண்டே வரும். நனைந்த சப்பாத்து அடுத்த நாள் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும்.

ஆனாலும் சப்பாத்துத்தான் நல்லது என்று சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்கள், கணுக்கால் அடிக்கடி பிசகுகிறவர்கள், எந்நாளும் சப்பாத்தோடு வேலைக்குப் போய்ப் பழகியவர்கள். கால் எதற்குப் பழகியதோ அதைக் கடைசி நேரத்தில் மாற்ற வேண்டாம்.

அடி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கடையிலேயே பாருங்கள். இரு கையாலும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடிகிற இடத்தில் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் வைத்துவிடுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்குங்கள், இலேசாக முறுகினால் அது உங்கள் உள்ளங்காலைத் தாங்காது. பஞ்சுபோல் அமுங்கும் பாரமில்லாத அடி முதல் நாள் சுகமாக இருக்கும். ஆனால் உடை முள், இலந்தை முள் எல்லாம் அதற்குள் நேராக ஏறிவிடும். அடியில் கடினமான றப்பர், அதற்கு மேலே மெத்தென்ற தட்டு என்று இரண்டு அடுக்காக இருந்தால் அதை எடுங்கள்.

எந்நாளும் போடுகிற பாட்டாச் செருப்பு (விரலிடுக்கில் வார் பிடிக்கும் றப்பர்ச் செருப்பு) போதாதா?

குறுகிய நடைக்குப் போதும். முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்குப் போக அதுவே தாராளம். நாள்கணக்கில் நடப்பதற்குப் போதாது. பாட்டா கழன்று போகாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு எட்டிலும் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். கெண்டைக்கால் வலியும், பெருவிரலுக்குப் பக்கத்துப் புண்ணும் அதனால்தான் வருகின்றன. அடி தேய்ந்து மெலிந்த பாட்டாவில் முள்ளுக்கு ஒரு மறிப்பும் இல்லை.

பந்தலில் அடிக்கடி காண்கிற காட்சி இது. ஒரு அம்மா நடந்து வந்து வாங்கிலில் இருப்பார். செருப்பைத் திருப்பினால், முன் வாரின் குமிழ் பிய்ந்து மேலே வராமல் அடிப்பக்கத்தில் ஒரு ஊக்கைக் குறுக்கே குத்தியிருப்பார். ஊக்கு தேய்ந்து பளபளத்திருக்கும், அதன் நுனி மெல்ல மேலே எழத் தொடங்கியிருக்கும். "இது காணும் தம்பி, மடு வரைக்கும் இழுத்துடும்" என்பார். இழுக்கும், ஆனால் அந்த ஊக்கு எந்த நேரமும் காலுக்குள் ஏறலாம். ஆகவே பந்தலில் நிற்பவர்கள் மாற்று வார், ஊசி, தடித்த நூல், சின்னக் கத்தரி வைத்திருங்கள். சோடாவும் பிஸ்கட்டும் எல்லோரும் கொடுக்கிறார்கள், வார் மாற்றிக் கொடுக்கிறவர்கள் குறைவு.

எப்போது வாங்குவது? என்ன அளவு?

புறப்படுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பு வாங்கி, எந்நாளும் போட்டு நடந்து பழக்குங்கள். புதுச் சோடியோடு பாதயாத்திரை தொடங்காதீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதானால் அந்த வரியை வைத்திருங்கள்.

கடைக்குப் பின்னேரம் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்த கால் பின்னேரம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீண்ட நடையில் அதைவிட வீங்கும். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள், பெரிய காலுக்கு ஏற்றதை எடுங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் நடக்கும்போது விரல் முன்னால் முட்டினால் நகம் கறுத்துக் கழன்றுபோகும். கால் அகலமானவர்கள் நீளத்தைக் கூட்டி வாங்குவதைவிட, வாரைத் தளர்த்தக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

விலை கூடினதுதான் நல்லதா?

இல்லை. கிளிநொச்சி, புதுக்குடியிருப்புக் கடைகளில் கிடைக்கும் உள்ளூர்ச் சாண்டல்ஸிலேயே கதிர்காமம் வரை போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். வாரும் அடியும் சேர்கிற இடத்தில் பசை மட்டுமா, தையலும் இருக்கிறதா என்று பாருங்கள். தையல் இல்லாவிட்டால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றித் தைத்து எடுங்கள். புதுச் சோடிக்கு அந்தச் செலவு வீண் போகாது.

சொக்ஸ் போட வேண்டுமா?

சப்பாத்தென்றால் கட்டாயம். முழுப் பருத்திச் சொக்ஸ் வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஈரத்தோல் கெதியாக உரியும். நைலோன் கலந்தது மேல். மூன்று சோடி போதும், ஒன்று காலில், ஒன்று காய, ஒன்று இரவுக்கு. காயப்போடப் பையின் வெளியே ஊக்கால் குத்தித் தொங்கவிட்டு நடக்கலாம்.

கொப்புளம் வந்துவிட்டால்?

கொப்புளம் வரும் முன்பு அந்த இடம் சூடாகும், சிவக்கும். அப்போதே நின்று விடுங்கள். "அடுத்த பந்தலில் பார்ப்போம்" என்று நடந்தால் அடுத்த பந்தலில் நீர் கட்டியிருக்கும். ஈரத்தைத் துடைத்து, துணிப் பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, வாரின் இறுக்கத்தை மாற்றிவிட்டுப் போங்கள்.

சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் மூடி விடுங்கள். பெரிதாகி நடக்க முடியாமல் வலித்தால், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் ஒரு சின்னத் துளை போட்டு நீரை வெளியே விடுங்கள். மேல்தோலை உரித்து எடுக்காதீர்கள், அதுதான் புண்ணுக்கு மூடி. பிறகு சுத்தமான துணி கட்டி மூடுங்கள். சுற்றிலும் சிவந்து சூடாகிப் பரவினால், சீழ் வந்தால், நெறி கட்டினால் நடையை நிறுத்தி ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். கிளிநொச்சி, மாஞ்சோலை, வவுனியா, மன்னார் எல்லா இடத்திலும் அரச வைத்தியசாலை உண்டு, வைத்தியம் இலவசம். நடக்கவே முடியாத நிலையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்கும் காசில்லை. புறப்படும் முன்பு ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குச் சலரோகம். வெறுங்காலோடுதான் போவேன் என்று நிற்கிறார். என்ன சொல்வது?

விட வேண்டாம். அன்பாகச் சொல்லுங்கள், ஆனால் விட வேண்டாம். பல வருடம் சீனி கூடியிருந்தவர்களின் பாத நரம்புகள் உணர்ச்சி இழந்துவிடும். தார் சுட்டாலும் முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. "எனக்கு ஒன்றும் நோகவில்லை" என்று அவர் சொல்வதே ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம். காலை இழப்பது பல நேரங்களில் இப்படிப்பட்ட ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அவரைக் கண்ணை மூடிக் கொண்டு படுக்கச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தொடுங்கள், அழுத்தக்கூடாது, ஓரிரு வினாடி போதும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு விரல். தொடும்போது "வலது" அல்லது "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டோ அதற்கு மேலோ தவறவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிளினிக்கில் காட்டுங்கள். வெறுங்கால் நடை அவருக்குக் கூடவே கூடாது. டொக்டர் சம்மதித்தால் விரல் மூடிய, உள்ளே தையல் உரசாத சப்பாத்தோடு குறைந்த தூரம் நடக்கலாம். ஒவ்வொரு தங்கலிலும் நீங்கள் அவர் காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட. கொப்புளத்தை நீங்கள் குத்தவும் கூடாது.

நேர்த்தியை என்ன செய்வது என்று கேட்பார். கோயில் வெளிவீதியில் மட்டும், காலை நேரத்தில், நீங்கள் கைபிடித்து வர, சுத்தமான மணலில் வெறுங்காலோடு ஒரு சுற்று வரட்டும். அம்மன் வாசலில் அதை வைத்துக் கேட்டால் அவர் சம்மதிக்கக்கூடும்.

பொய்க்காலோடு நடக்கலாமா? எந்தச் செருப்பு?

வன்னியில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூட வரும், ஏனென்று எல்லோருக்கும் தெரியும். நடக்கலாம், நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செருப்பு விஷயத்தில் இருகாலும் உள்ளவருக்குச் சொல்லும் அறிவுரை இங்கே பொருந்தாது.

பொய்க்கால் பொருத்தும்போது குறிப்பிட்ட குதி உயரத்துக்கு ஏற்றபடிதான் அதைச் சரிக்கட்டுவார்கள். அதைவிடக் குதி உயர்ந்த சப்பாத்தைப் போட்டால் உடல் முன்னால் தள்ளும், முழங்கால் மடியப் பார்க்கும். குதி தாழ்ந்ததைப் போட்டால் பின்னால் இழுக்கும். ஒரு நாள் பொறுக்கலாம், ஒரு கிழமை நடந்தால் இடுப்பும் நாரியும் போய்விடும். ஆகவே புதுச் சோடி வாங்கும்போது பழைய சோடியையும் கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள்.

பாட்டா இவர்களுக்குச் சரிவராது, பொய்க்காலின் விரல் அதைக் கவ்விப் பிடிக்காது. பின்வார் கட்டாயம் வேண்டும். ஜெய்ப்பூர் கால் இதில் வேறு மாதிரி. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவானது, வெறுங்காலோடு நடந்து, சம்மணம் கொட்டியிருந்து, வயலில் இறங்கி வேலை செய்யும் மக்களுக்கென்றே செய்தது. அதனால் செருப்பில்லாமலும் கோயில் வீதியில் நடக்கலாம்.

இன்னொன்று, தேய்ந்த செருப்பைவிட, எஞ்சிய கால் இறங்கும் பொய்க்கால் குழிக்குள் வரும் உரசல்தான் நீண்ட நடையில் பெரிய தொல்லை. எஞ்சிய காலுக்குப் போடும் உறை வேர்வையில் நனையும், மாற்று உறை வைத்திருந்து மதியத்தில் மாற்றுங்கள். நாள் முழுக்க நடக்கும்போது எஞ்சிய கால் வீங்கும் அல்லது மெலியும், பொருத்தம் மாறும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்திலோ, உங்களுக்குக் கால் பொருத்திய இடத்திலோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மடுவுக்கு நடப்பதென்றால் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆடி (யூலை) 2ஆம் திகதித் திருவிழாவுக்கும் ஆவணி (ஓகஸ்ட்) 15ஆம் திகதித் திருவிழாவுக்கும் நடப்பவர்களுக்குச் சோழகக் காற்றும் புழுதியும்தான் துணை. மழை பெரும்பாலும் இராது. 1670இல் ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மாதாவின் சுருவத்தை (சிலையை) காட்டுக்குள் கொண்டுவந்த வழியை நினைத்து நடக்கிறவர்கள் சிலர் கடைசித் தூரத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார்கள். அப்படி நினைத்திருந்தால் காலையில் வந்து சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி மேலே சொன்னதெல்லாம் மடுவுக்கும் பொருந்தும். கூடாரம் அடித்துப் பல நாள் தங்குகிறவர்கள் குளிக்கும் இடத்துக்கு ஒரு பாட்டாவைத் தனியாகக் கொண்டுபோங்கள். கூட்டம் பெருகிய இடத்தில் விரலிடுக்குச் சேற்றுப்புண் கெதியாகத் தொற்றும்.

முள், பாம்பு, மிதிவெடி?

முள்ளுக்கு: இரவில் தங்கியதும் செருப்பின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள், உட்பக்கமும் தடவுங்கள். முறிந்த முள் அடிக்குள் இருந்துகொண்டு மறுநாள் மெல்ல மேலே வரும். ஒரு சின்ன இடுக்கி பையில் இருக்கட்டும்.

பாம்புக்கு: புடையனும் சுருட்டையும் நடைபாதையில் கிடப்பவை. இருட்டில் நடந்தால் ரோச் இல்லாமல் ஒரு எட்டும் வைக்காதீர்கள். முன்னால் போகிறவரிடம் மட்டும் இருந்தால் போதாது. கழற்றி வைத்த சப்பாத்தைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். தேளும் புலிமுகச் சிலந்தியும் ஒதுங்க இருட்டான இடம் தேடும். பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள். காலை அசைக்காமல் வைத்து நேரே வைத்தியசாலைக்கு.

மிதிவெடிக்கு எந்தச் சப்பாத்தும் காப்பில்லை. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி பல வருடமாக நடந்து பெரும்பகுதி துப்பரவாகிவிட்டது. ஆனாலும் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அதற்கு அப்பால் ஒரு எட்டும் இல்லை. நிழல் தேடியோ சலம் கழிக்கவோ பற்றைக்குள் இறங்க வேண்டாம். ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையிலேயே நில்லுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள்.

கோயில் வாசலில் செருப்பு மாறிப்போகிறதே?

இருவர் சோடிகளையும் ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கையோடு வைத்திருங்கள். அல்லது வாரில் ஒரு நிறத் துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். பொங்கலன்று ஒரே நிறப் பாட்டா ஆயிரம் கிடக்கும் இடத்தில் இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

யாத்திரை முடிந்த செருப்பைக் கதிர்காமத்திலேயே விட்டுவரலாமா?

வேண்டாம். உகந்தையில் காட்டுக் கதவு திறந்து கூமுனை, யால வழியாக நடக்கும் பகுதி வனவிலங்குகளின் இருப்பிடம். அங்கே அறுந்த செருப்பை எறிந்தால் மட்காமல் கிடக்கும். மாணிக்க கங்கைக் கரையும் குப்பைத்தொட்டி இல்லை. கட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இன்னும் உழைக்கும் சோடியென்றால் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாம்.

நாங்கள் கனடாவில் இருக்கிறோம். பெட்டி நிறையச் சப்பாத்து அனுப்ப நினைக்கிறோம். எதை அனுப்புவது?

நல்ல மனதோடு அனுப்புகிறீர்கள், அது வீண்போகக் கூடாது என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறோம். பனிக்காலப் பூட்ஸ், உயரக் குதிச் செருப்பு, கலியாணத்துக்கு ஒருமுறை போட்ட மினுக்குச் சப்பாத்து ஆகியவற்றுக்கு இங்கே ஆளில்லை. அவை யாரோ ஒருவரின் கொட்டிலில் மூலையில் குவிந்து கிடக்கும். வேண்டியவை: ஓட்டச் சப்பாத்து, பின்வார் சாண்டல்ஸ், பிள்ளைகள் விளையாட்டுக்குப் போடும் சப்பாத்து, மாடு கட்டும் கொட்டிலிலும் வாய்க்கால் துப்பரவிலும் போடக்கூடிய கம்பூட்ஸ். வெட்டுக்காயத்தோடு ஊத்தைத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் என்பதால் கடைசியாகச் சொன்னதற்கு உண்மையான தேவை உண்டு. ஆனால் சேற்று வயலில் கம்பூட்ஸ் புதைந்துவிடும், நாற்று நடுகிறவருக்கு அது உதவாது. அவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முற்காப்பு மாத்திரை கேட்டு எடுப்பதுதான் வழி.

அனுப்புமுன் ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். அலுமாரியில் வருடக்கணக்கில் கிடந்த சப்பாத்து பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஆனால் பல சப்பாத்துகளின் அடி பொலியூரிதேன் என்ற பொருளால் ஆனது. அது காற்றிலுள்ள ஈரப்பதத்தோடு சேர்ந்து உள்ளுக்குள் மெல்ல உடைந்துகொண்டே வரும். போடாமல் வைத்திருந்தாலும் உடையும். கப்பலில் சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் கெதியாகும். இங்கே வந்து ஒரு பிள்ளை ஆசையோடு போட்டு ஓடும்போது அடி பிட்டுப்பிட்டாக உதிரும். எடுத்து நன்றாக வளைத்துப் பாருங்கள், நகத்தால் அடியின் பக்கத்தில் அழுத்துங்கள். வெடித்தாலோ, மாப்போல உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ அனுப்பாதீர்கள்.

கழுவும் முறை: நாடாவையும் உட்தட்டையும் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து, உள்ளே பத்திரிகைக் கடதாசி அடைத்து நிழலில் காயவிடுங்கள். கடும் வெய்யில் பசையை விடுவிக்கும். இரண்டு சப்பாத்தையும் நாடாவால் ஒன்றோடொன்று கட்டுங்கள், கட்டாத சோடி வழியில் பிரிந்துவிடும். அளவை மாக்கரால் ஒரு துண்டில் எழுதிக் கட்டுங்கள். இலங்கையில் பழக்கத்தில் இருப்பது பிரித்தானிய அளவு. ஐரோப்பிய 42 ஏறத்தாழ இங்கே 8.

எங்கள் கருத்து இன்னொன்றும் உண்டு. கப்பற்கூலியையும் சுங்கத்தையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசுக்கு இங்கே கடையில் புதுச் சோடி வாங்க முடியுமென்றால், காசை அனுப்பி இங்கேயே வாங்கச் சொல்லுங்கள். காலுக்கு அளந்து வாங்கலாம், முல்லைத்தீவுக் கடைக்காரருக்கும் ஒரு வியாபாரம் நடக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பழையது கொடுக்கலாமா?

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சப்பாத்து. அது பழையதென்றால் எல்லோருக்கும் தெரியும், பிள்ளை கூனிப்போகும். வளர்கிற காலுக்கு இன்னொருவரின் கால் பதிந்த சப்பாத்து நல்லதுமில்லை. முடிந்தால் புதிதாகவே வாங்கிக் கொடுங்கள். கல்வி அமைச்சு சில பாடசாலைகளுக்குப் பாதணி வவுச்சர் கொடுப்பதுண்டு. அதிபரிடம் கேட்டு, வவுச்சர் கிடைக்காத பிள்ளைகளின் அளவை எடுத்து வாங்குவதே நேர்த்தியான வழி.

இறந்துபோனவரின் செருப்பு, சப்பாத்தைக் கொடுக்கலாமா?

அந்தியேட்டிக்குக் குடையும் செருப்பும் தானம் கொடுப்பது எங்கள் வழக்கம், அதற்குப் புதிதாக வாங்குவார்கள். அவர் போட்டதைக் கொடுப்பதென்றால் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சிலர் மறுப்பார்கள், மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். சிலர் "அண்ணையின்ர சப்பாத்தோ, தாங்கோ" என்று இரண்டு கையாலும் வாங்குவார்கள்.

ஒற்றைச் சப்பாத்து இருக்கிறது. எறிவதா?

எறியாதீர்கள். பொய்க்கால் போடாமல் ஊன்றுகோலில் நடக்கிறவர்களுக்கு ஒரு பக்கம்தான் வேண்டும், அந்தப் பக்கம் மற்றவர்களைவிடக் கெதியாகத் தேயும். அளவையும் இடதா வலதா என்பதையும் எழுதிக் கட்டி, மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் உள்ளூர் அமைப்பொன்றில் கொடுங்கள். பொய்க்கால் போடுகிறவருக்கு இரண்டு பக்கமும் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எப்படிக் கொடுப்பது? ஒரு நிகழ்வு வைத்துக் கொடுக்கலாமா?

நிகழ்வு வேண்டாம், பனரும் வேண்டாம், படமும் வேண்டாம். 2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகலைக் கடந்து வந்தவர்களில் செருப்புக்கூட இல்லாமல் வந்தவர்கள் பலர். அதற்குப் பிறகு வரிசையில் நின்று வாங்கி வாங்கியே வருடங்கள் போனவர்கள். அவர்களை இன்னொரு வரிசையில் நிறுத்தி, கையில் செருப்பைக் கொடுத்து, கமராவைப் பார்க்கச் சொல்வது எங்களுக்குச் சகிக்க முடியாதது. எங்கள் ஊர்களில் ஒருவருக்கு முன்னால் செருப்பைக் கையில் தூக்குவதற்கே ஒரு பொருள் இருக்கிறது.

இப்படிச் செய்து பாருங்கள். சனசமூக நிலையத்து மரத்தடியில் பாய் விரித்து, அளவு வாரியாக வரிசைப்படுத்தி வையுங்கள். பக்கத்தில் இரண்டு கதிரை, ஒரு வாளி தண்ணீர், கால் துடைக்க ஒரு துணி. வருகிறவர்கள் தாங்களே எடுத்து, போட்டு, நாலடி நடந்து பார்த்து, பிடித்ததைக் கொண்டுபோகட்டும். ஒருநாள் பொய்க்கால் போட்ட ஒரு ஐயா வந்தார். மூன்று சோடியைப் போட்டுப் பார்த்துக் கழற்றினார். நாலாவது சோடியைப் போட்டு எழுந்து, கிணற்றடி வரை போய்த் திரும்பி வந்து, "இது குதி சரி" என்று மட்டும் சொன்னார். யாரும் அவசரப்படுத்தாததால்தான் அவருக்குச் சரியான சோடி கிடைத்தது. வயதான அம்மாமாருக்கு மூடிய சப்பாத்துப் பிடிக்காது, அகல வார் வைத்த செருப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். பெண்பிள்ளைகள் ஆண்கள் நிற்கும்போது வரமாட்டார்கள், அவர்களுக்கு வேறு நேரம் வைத்துவிடுங்கள். மிஞ்சியதை அடுத்த கிராமத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஒருவருக்கும் உதவாதவை?

எரிக்காதீர்கள். றப்பரும் பிளாஸ்ரிக்கும் எரியும் புகை நெஞ்சுக்குக் கூடாது, வன்னியில் வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. குளத்திலும் வாய்க்காலிலும் போடாதீர்கள். நல்ல வாரையும் வளையத்தையும் வெட்டி எடுத்துச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுங்கள், அவருக்கு அது மூலப்பொருள். றப்பர் அடியைத் துண்டாக்கினால் படலைக் கீலுக்கும், ஊன்றுகோலின் நுனிக்கும், தண்ணீர் மோட்டரின் கீழே வைக்கவும் உதவும். மீதியைப் பிரதேச சபை குப்பை எடுக்கும் நாளில் தனிப் பையில் கட்டிக் கொடுங்கள்.